முதியோரும் இருதய நோய்ச் சிகிச்சையும்

(உரையின் எழுத்து வடிவம்)



நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகளே. இன்று அது 70-ஐ எட்டியுள்ளது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் அதிகம். அம்மையையும் காலராவையும் அடக்கி நாம் ஈட்டிய இந்த ஆயுளை இன்று அச்சுறுத்துவது இருதயத் தமனி நோயாகும். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் கொழுப்புப் படிந்து குறுகுவதே இந்நோய்.

நடுத்தர வயதினரிடம் மாரடைப்பு பெரும்பாலும் நெஞ்சுவலியாக வெளிப்படுகிறது. முதியோரிடமோ, சிறப்பாக நீரிழிவு உடையோரிடம், மூச்சுத்திணறல், சோர்வு, மனக்குழப்பம் ஆகியவை மட்டுமே தென்படக்கூடும். “வயதானால் இப்படித்தான்” என்று வீட்டார் இருந்துவிட்டால், சிகிச்சைக்குரிய முதல் சில மணி நேரம் வீணாகிறது.

மருத்துவமனையை அடைந்தபின் இருவகைத் தவறுகள் நேரலாம். வயதைக் காட்டிச் சிகிச்சையைக் கைவிடுவது ஒன்று. எல்லா அடைப்புகளையும் அகற்றியே தீர வேண்டுமென முனைவது மற்றொன்று. இரத்தக் குழாய் முற்றிலும் அடைபட்ட மாரடைப்பில், முதியவராயினும் அதனை விரைந்து திறப்பது பொதுவாக நன்மை தரும். முற்றிலும் அடைபடாத வகையில் நிலைமை வேறு. 75 வயதும் அதற்கு மேலுமான 1,518 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடைபெற்ற ஆய்வின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஆஞ்சியோகிராம் செய்து தேவைக்கேற்ப ஸ்டென்ட் பொருத்தும் வழி, பின்னர் வரும் மாரடைப்புகளைக் குறைத்தது; ஆனால் இருதய நோயால் நேரும் மரணத்தைக் குறைக்கவில்லை. எனவே முடிவு செய்ய வேண்டியது வயதைக் கொண்டல்ல. சிறுநீரகத்தின் நிலை, இரத்தக்கசிவு அபாயம், உடல் தளர்ச்சி, நினைவாற்றல், எல்லாவற்றிற்கும் மேலாக நோயாளியின் விருப்பம் ஆகியவற்றைச் சீர்தூக்கியே முடிவு செய்தல் வேண்டும். மகனிடம் மட்டும் கையொப்பம் பெற்று, தந்தையின் கருத்தைக் கேளாதிருப்பது முறையன்று.

செலவுச் சுமையைக் குறைக்க அரசு எடுத்த நடவடிக்கைகள் குறிப்பிடத்தக்கவை. 2017 பிப்ரவரியில், மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்சவிலை 29,600 ரூபாய் என வரையறுக்கப்பட்டது; அதற்கு முன் பல ஸ்டென்ட்டுகள் லட்ச ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டன. 2024 அக்டோபரில், ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வருமான வரம்பின்றி 70 வயது நிறைந்தோர் அனைவருக்கும், ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை என விரிவுபடுத்தப்பட்டது.

ஆயினும் இத்திட்டம் முதன்மையாக மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியது. வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான செலவே இதில் அடங்கும். நோயோ வாழ்நாள் முழுவதும் தொடர்வது. ஸ்டென்ட் பொருத்தியவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைக் காசில்லாமல் இடையில் நிறுத்தினால், ஸ்டென்ட்டிலேயே இரத்தம் உறைந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். லட்சக்கணக்கில் செலவிட்டுப் பெற்ற பயனை மாதம் சில நூறு ரூபாய் இல்லாமல் இழப்பது நாட்டிற்கும் நட்டமே.

ஆகவே, மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் தடையின்றிக் கிடைத்தல் வேண்டும். எந்த மருந்தை எத்தனை மாதம் உட்கொள்வது என்பதை, வீடு திரும்பும்போதே நோயாளியின் தாய்மொழியில் பெரிய எழுத்தில் எழுதித் தரல் வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழகம் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே சென்றன. நடக்க இயலாத இருதய நோயாளிக்கும் இவ்வழி ஏற்றது.

ஆயுளை நீட்டுவதில் நாம் வெற்றி கண்டோம். நீண்ட அந்த ஆயுள் மூச்சுத் திணறாமல், பிறர் கையை எதிர்பாராமல் கழியுமாறு செய்வதே இனி நம் கடமை.