கைப்பேசியில் வழி தேடி வருபவர்

(வானொலியில் வழங்கிய அருளுரை)



வேலூரில் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்து பாருங்கள். விடுதி, மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும் தமிழோடு வங்காளமும் இந்தியும் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், மேகாலயா என்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி, சி.எம்.சி. மருத்துவமனையை நம்பி மக்கள் வருகிறார்கள். காட்பாடியில் அவர்கள் இறங்கும்போதே இந்தியில் பேச ஆட்டோக்காரர் தயார். நம் லாங் பஜாரில் மூட்டைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கடைக்காரருக்குக்கூட, ஒருவர் 'கொத்தோ' என்றால் விலை கேட்கிறார் என்று தெரியும். பள்ளிக்கூடம் போயா படித்தார்? வந்தவர் முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

வருகிறவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. கும்லா, சிம்டேகா பக்கத்து ஆதிவாசி மக்கள், மேகாலயாவின் காசி, காரோ மக்கள், இவர்களில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நம் திருச்சபையைச் சேர்ந்தவை. அறுவை சிகிச்சைக்கு முன்தினம் ஒப்புரவு செய்ய வேண்டும், திருப்பலி காண வேண்டும், நோயில்பூசுதல் பெற வேண்டும் என்று அவர்கள் மனம் தவிக்கும். யாரைக் கேட்பார்கள்? மொழி தெரியாது. கையில் இருக்கும் போனைக் கேட்பார்கள்.

ஜார்க்கண்ட்டிலிருந்து வந்த ஒருவர் அப்படித்தான் கேட்டார். மனைவிக்குத் திங்கட்கிழமை ஆபரேஷன். ஞாயிறு காலை ஏழரைக்குத் திருப்பலி என்று ஓர் ஆலயத்தின் இணையப்பக்கம் காட்டியது. ஊர், பேர் வேண்டாம். ஏழே காலுக்குப் போய் நின்றால், ஆறு மணித் திருப்பலி முடிந்து கேட் பூட்டியிருக்கிறது. பக்கத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தார். எடுத்தவர் எப்போதோ மாற்றலாகிப் போன ஒரு குருவானவர், பேசியது வேறு ஊரிலிருந்து. கடைசியில் ஒரு டீக்கடைக்காரர், அவர் இந்து சகோதரர், நம் கோயிலுக்கு வழி காட்டி அனுப்பினார். வந்தவர் யார்மீதும் குறை சொல்லவில்லை. 'ஃபாதர், இங்கேயாவது பூசை உண்டா?' என்று மட்டும் கேட்டார். அந்த 'ஆவது' என்ற சொல் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய நிதி அமைச்சரைச் சந்திக்கிறோம். அந்நியர், நெடும்பயணி, தேரில் உட்கார்ந்து எசாயாவின் ஏட்டைப் படிக்கிறார், பொருள் புரியவில்லை. பிலிப்பு அவரை எருசலேமுக்குத் திரும்பி வரச் சொல்லவில்லை. தேரை நோக்கி ஓடினார், ஏறிப் பக்கத்தில் அமர்ந்தார். இன்று அந்தத் தேர் விடுதி அறையில் இருக்கும் ஐந்தங்குலக் கைப்பேசி. அதன் பக்கத்தில் ஓட நாம் தயாரா?

இது புதிய யோசனை அல்ல. வானொலி வந்ததும் 1931-இல் மார்க்கோனியை வைத்தே வத்திக்கான் வானொலியைத் தொடங்கியது திருச்சபை. 1995 கிறிஸ்துமஸ் அன்று வத்திக்கானின் இணையதளம் திறக்கப்பட்டது. அதன் கணினிகளுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயரையே வைத்தார்கள். 2002-இல் 'திருச்சபையும் இணையமும்' என்ற ஏடு வந்தது. இணையத்தை அஞ்ச வேண்டாம் என்று சொன்ன அதே ஏடு, அருளடையாளங்களை அதன் வழியே பெற முடியாது என்பதையும் தெளிவாகச் சொன்னது. ஆகவே ஆலயத்தின் பக்கம் ஆலயமாகிவிடாது, அது வாசற்படி. பதினைந்து வயதில் இறந்த கார்லோ அக்குத்திஸ் நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்ததும் மக்களைப் பீடத்தை நோக்கி அழைக்கத்தான். 2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார்.

சரி, வாசற்படியில் என்ன இருக்க வேண்டும்? திருவிழா பேனரில் சில இடங்களில் புனிதரைவிடப் பங்குத்தந்தையின் முகம் பெரிதாக இருக்கும். அதே பழக்கம் இணையத்துக்கும் போய்விட்டது. வரலாறு, வாழ்த்து, படங்கள் எல்லாம் முன்னே ஓடும், திருப்பலி நேரம் எங்கோ அடியில் கிடக்கும். ஓடுகிறவனும் படிக்கிற மாதிரி தெளிவாக எழுதி வைக்கும்படி ஆண்டவர் அபக்கூக்கு இறைவாக்கினருக்குச் சொன்னார். முதல் திரையிலேயே திருப்பலி நேரம், ஒப்புரவு நேரம், வழி, தொலைபேசி எண். இந்த நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இணையதளமே இல்லாத பங்கும் கவலைப்பட வேண்டாம். கூகுள் மேப்பில் உங்கள் ஆலயம் ஏற்கெனவே இருக்கலாம், யாரோ ஒருவர் சேர்த்திருப்பார். 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்ற வசதியில் அதைப் பங்கின் பெயரில் உரிமை கோரலாம், காசு கிடையாது. புனித வாரம், கிறிஸ்துமஸ் போன்ற நாள்களுக்குத் தனி நேரம் போடவும் அதில் இடமுண்டு. அன்றாட வாசகங்களை நாமே தட்டச்சு செய்து பிழை சேர்க்க வேண்டியதில்லை. அருள்வாக்கு டாட் காம் தளத்துக்கும் வத்திக்கான் செய்திகளின் தமிழ்ப் பக்கத்துக்கும் ஒரு சுட்டி கொடுத்தால் போதும்.

அறிவிப்பைப் படமாகப் போடுகிற பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸ்அப்பில் அழகாய்த் தெரியும். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் செயலியும் அங்கே தடுமாறும். எழுத்தாகவே போடுங்கள், அதுவும் யூனிகோடில். பழைய எழுத்துருவில் அடித்த அறிவிப்பு வேறு கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள் அதை மாற்றித் தரும். பக்கம் கனமாகவும் இருக்கக் கூடாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும் சகோதரி சாதாரண போனில் பார்க்கிறார், சிக்னலும் விட்டு விட்டு வரும். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற தளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால், எது பக்கத்தை இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் அந்தப் படங்கள்தான்.

இந்தியிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி சேருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே நம்பாதீர்கள். இங்கே செவிலியர் படிப்புக்கு வந்திருக்கும் வடமாநில மாணவியரிடம் ஒருமுறை காட்டினால் மகிழ்ச்சியோடு திருத்தித் தருவார்கள். அவர்களும் நம் பங்குக்கு வந்தவர்கள் என்பது அப்போதாவது நமக்கு நினைவு வரும்.

இன்னொன்று. பல பங்குகளில் பக்கத்தைத் தொடங்கிய தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது. தளத்தின் பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் வேறு யாராவது வாங்கிவிடலாம். ஆலயத்தின் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடுகிற நிலையும் வரலாம். ஆகவே கணக்கு பங்கின் மின்னஞ்சலில் இருக்கட்டும், சாவிக் கொத்தைப் போல இரண்டு பேருக்குத் தெரியட்டும்.

திருமண ஓலை வாசிப்பது நம் வழக்கம். அது ஆலயத்துக்குள் சபையார் முன் சொல்வது. அதையே போன் எண், பிறந்த தேதியோடு ஊரறியப் போடுவது வேறு. நோயாளியின் பெயர், வார்டு எண், மறைக்கல்விப் பிள்ளைகளின் படம் எதையும் கேட்காமல் போடக் கூடாது. 2023-இல் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், செபம் கேட்டு நம்மிடம் சொன்னதை ஊருக்குச் சொல்ல நமக்கு உரிமை ஏது?

இந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இளையோர் ஒரு வேலை செய்யட்டும். சொந்தப் பங்கின் பெயரைத் தங்கள் போனில் தேடிப் பார்க்கட்டும். காட்டும் நேரம் சரியா, வழி சரியா, எண் சரியா? பிறகு இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணுக்கு அடித்துப் பார்க்கட்டும். மணி அடிக்கும்போது எடுக்க ஆள் இல்லையென்றால், யார் எடுப்பது என்பதை அந்தக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்யுங்கள். பங்குத்தந்தையையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.