நில அதிர்ச்சியும் வீட்டுக் கணக்கும்

நில அதிர்ச்சியின் அளவைச் செய்தியில் கேட்டவுடனே, சேதமும் இவ்வளவுதான் இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பொருந்தாது. அதிரும் நிலம் ஒன்று. அதன்மேல் நிற்கும் வீடு வேறொன்று. இழப்பை மதிப்பிடப் புகுவோர் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

1993 செப்டம்பர் 30 அன்று மராட்டிய மாநிலத்துக் கில்லாரியை உலுக்கிய அதிர்ச்சியின் அளவு ஏறத்தாழ 6.2. உலகக் கணக்கில் அது நடுத்தரமானதே. ஆயினும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். மண்சாந்து வைத்து அடுக்கிய கல் சுவர்களும், அவற்றின்மேல் கனமாக மண் பரப்பிய கூரைகளும், உறங்கிக்கொண்டிருந்தோர்மீது சரிந்தன.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் பழைய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, புல் வேய்ந்தவை. மழைக்கும் தீக்கும் அவை எளிதில் இரையாகும். ஆனால் தலைமேல் விழுந்து கொல்லும் பாரம் அவற்றில் இல்லை. 1897இல் ஷில்லாங்கின் கல் கட்டடங்கள் தரைமட்டமான பின்னர், அசாமில் நாணல் தட்டியில் மண் பூசி, இலேசான கூரையிட்ட வீடுகளே பெருகின. சித்தேரி வீட்டை அவற்றின் உறவினன் என்றே சொல்லலாம்.

நகரத்தில் வீடுகள் இலட்சக்கணக்கானவை. ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தல் இயலாது. ஆகவே வகை பிரிக்கிறார்கள். மெத்வதேவ், ஷ்பொன்ஹாயர், கார்நிக் என்னும் மூவர் 1964இல் வகுத்த அளவுகோல், மண் வீடும் ஒழுங்கற்ற கல் வீடும் ஒரு வகை, சாதாரணச் செங்கல் வீடு இன்னொரு வகை, இரும்புக் கம்பியிட்ட காங்கிரீட் கட்டடமும் நன்கு கட்டிய மர வீடும் மூன்றாம் வகை என்கிறது. சேதத்துக்கும் ஐந்து படிகள் உண்டு. பூச்சில் மயிரிழை வெடிப்பு முதற்படி, முற்றும் இடிதல் ஐந்தாம் படி. அதிர்ச்சி எட்டாம் நிலையை எட்டினால், செங்கல் வீடுகளில் பெரும்பாலானவை மூன்றாம் படிச் சேதம் அடையும். பெரும்பாலானவை என்றால் நூற்றுக்கு 75 என்று கொள்வது மரபு. ஒரு வட்டாரத்தில் 1,000 செங்கல் வீடுகள் உள்ளன என வைத்துக்கொள்வோம். அவற்றுள் 750இன் சுவர்களில் ஆழமான வெடிப்புக் காணும். ஒரு வீட்டைப் பழுதுபார்க்கும் செலவால் அதைப் பெருக்கினால் இழப்பின் ஒரு பகுதி கிடைக்கும். ஏனைய வகைகளுக்கும் இவ்வாறே கணக்கிட்டுக் கூட்டவேண்டும்.

கணக்கு எளிது, வகை பிரிப்பதில்தான் இடர். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிலம் அதிர்ந்தபோது, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் காங்கிரீட் அடுக்கு மாடிகள் பல வீழ்ந்தன. அவற்றுட் பலவற்றின் கீழ்த்தளம், வண்டிகளை நிறுத்துவதற்காகச் சுவரின்றி வெறுந்தூண்களோடு விடப்பட்டிருந்தது. மேலே சுவர்கள் இறுகி நிற்க, அசைவின் பெரும்பங்கைத் தூண்களே தாங்கி முறிந்தன. காங்கிரீட் என்று ஒரே சொல்லில் ஏட்டில் எழுதிவிட்டால் இக்குறை மறைந்துபோகும். 2002இல் நமது கட்டட விதிநூல் திருத்தப்பட்டபோது, சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அந்நகரில் இத்தகைய வெறுந்தூண் வீடுகள் எத்தனை தெருக்களில் நிற்கின்றன என்பதை மாணவர்கள் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

உயிரிழப்பைக் கணிப்போர் பொழுதையும் சேர்த்துக்கொள்வர். கில்லாரி அதிர்ந்தது விடியலுக்கு முன், ஊர் உறங்கும் வேளையில். கட்ச் அதிர்ந்ததோ குடியரசு நாள் காலையில். வீட்டைவிட்டு வெளியே வந்தோர் பலர். ஆனால் அஞ்சார் நகரில், ஒடுங்கிய தெருவில் கொடி ஊர்வலம் சென்ற பள்ளிச் சிறுவர்கள்மீது இருபுறத்துச் சுவர்களும் வீழ்ந்தன. ஆதலால் வீட்டின் வகையோடு தெருவின் அகலத்தையும் குறித்துக்கொள்கிறார்கள்.