படிப்பில் பின்தங்கிய சிறாருக்குப் பாடசாலை செய்யத்தக்க உதவி

(காஞ்சீபுரம் வட்டார ஐக்கிய சங்க அங்கத்தினருக்கான பிரசங்கம்)



பட்டுத் தறியில் பாவிழை ஒன்று அறுந்துபோனால் நெசவாளர் என்ன செய்கிறார் என்பதைக் காஞ்சீபுரத்தில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர் தறியை நிறுத்துகிறார். அறுந்த நுனிகளைத் தேடிப் பிணைத்த பின்னரே மேலே நெய்கிறார். கவனியாமல் ஒரு முழம் நெய்துவிட்டால் அக்குறை துணி நெடுகத் தெரியும். பாடசாலையில் நடப்பதோ பெரும்பாலும் இதற்கு மாறானது. இரண்டாம் வகுப்பில் வாசிப்பு அறுந்துபோன சிறுவன் அப்படியே மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் ஏற்றப்படுகிறான். உபாத்தியாயர் அவ்வவ் வகுப்புக்குரிய புஸ்தகத்தை முடித்தாக வேண்டியவர். சிறுவனோ பின்வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறான். நாளடைவில் மந்தபுத்தியுடையவன் என்று பெயர் வாங்குகிறான். வீட்டாரும் அதை நம்பிவிடுகின்றனர். படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தறியே கதி என்று தீர்மானமாகிவிடுகிறது.

இந்த நகரில் அத்தீர்மானத்திற்கு நீண்ட சரித்திரம் உண்டு. கோர்வைப் புடவை நெய்வதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை வீசுவதற்கு நெசவாளருக்குத் துணையாக இன்னோர் ஆளும் வேண்டும். அந்த இடத்தில் வெகுகாலம் உட்கார்ந்தவர்கள் சிறுவரும் சிறுமியருமே. சொந்தத் தறி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகள் மட்டுமல்லர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிறர் தறியில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளும் அநேகர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லும், குழந்தைத் தொழிலைத் தடுக்கும் சட்டம் 1986-லும் ஏற்பட்டன. ஆயினும் 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் சர்வதேச ஸ்தாபனம் பட்டுத் தொழிலில் கட்டுண்ட இந்தியச் சிறாரைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சீபுரமும் இடம்பெற்றது. கடன் எங்கே சிறுவனின் கையைப் பிடிக்கிறது என்பதை நாணய சங்கத்தார் அறிவர்.

தறியிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்காக, மத்திய சர்க்கார் 1988-ல் ஏற்படுத்திய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்படி இந்நகரிலும் விசேஷப் பள்ளிகள் நடந்தன. அவற்றின் அனுபவம் எல்லாப் பாடசாலைகளுக்கும் பிரயோஜனமானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஆறு வயதுக் குழந்தைகளோடு முதல் வகுப்பில் உட்கார வைத்தால் வெட்கம் அவனைத் துரத்திவிடும். ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தாலோ ஒன்றும் விளங்காது. ஆகவே அவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று முதலில் கண்டறிந்து, விடுபட்டதை மட்டும் சில காலம் தனியே கற்பித்து, பின்னர் வயதுக்கேற்ற வகுப்பிற் சேர்ப்பதே முறையாயிற்று. தறியையே கண்டிராத, ஆனால் பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்கும் வேண்டியது இதுவே.

கண்டறிதல் என்பது பெரிய வித்தையன்று. ஓர் உதாரணம்: 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு சிறுமி 35 என்று எழுதுகிறாள். அதன்மேல் தவறு என்று கோடிழுப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள் மனம்போனபடி எழுதவில்லை. 2-லிருந்து 7 போகாது. ஆகையால் அவள் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்றும், 5-லிருந்து 2-ஐக் கழித்து 3 என்றும் ஒழுங்காகவே கணக்குச் செய்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது கடன் வாங்கிக் கழித்தல் ஒன்றே. (சங்க அங்கத்தினருக்குக் கடன் வாங்குவது பழக்கமானது, குழந்தைக்கு அப்படியன்று.) பத்துப் புளியங்கொட்டைகளை ஒரு கட்டாக்கி, அக்கட்டை அவிழ்த்துக் காட்டினால் நாலைந்து நாட்களில் அவள் பிடித்துக்கொள்வாள். அதைக் கற்பிக்காமல் வகுத்தலையும் பின்னத்தையும் அவள்மேல் ஏற்றிக்கொண்டே போனால், மூன்று வருஷத்திற்குப்பின் கணிதமே அவளுக்குச் சத்துருவாகிவிடும். தேர்ச்சி கொடுத்து மேலே அனுப்புவதா, அதே வகுப்பில் நிறுத்துவதா என்று பெரியோர் ஓயாமல் விவாதிக்கின்றனர். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை நிறுத்துவதில்லை. நிறுத்தினாலும் அறுந்த இழை தானே பிணைந்துவிடாது. அதே பாடத்தை அதே விதமாக இரண்டாம் முறை கேட்பதால் யாருக்கு என்ன லாபம்?

சர்க்கார் பள்ளிகளில் இதற்கான முயற்சிகள் இல்லாமலில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08-ல் மாகாணம் முழுவதும் பரவியது. அதில் பிள்ளைகள் அட்டைகளைக்கொண்டு, ஏணியில் ஏறுவதுபோல் அவரவர் வேகத்தில் முன்னேறினர். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. எழுதத் திணறும் குழந்தையை அரும்பு என்று அழைப்பது மக்கு என்று அழைப்பதைவிட எவ்வளவோ மேல்.

கொரோனா நோய்க்காலத்தில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 1-11-2021 அன்றுதான் திறக்கப்பட்டன. அதற்குள் அநேகர் எழுத்தையே மறந்திருந்தனர். அச்சமயம் ஏற்பட்டதே இல்லம் தேடிக் கல்வி. ஊரிலுள்ள படித்த பெண்கள் மாலை வேளையில் சுமார் இருபது பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டி, ஒருமணி நேரத்திற்குச் சற்று அதிகமாகப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அவர்களுக்கு மாதம் ரூ. 1,000 ஊக்கத்தொகை. தொடக்கத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர் இதில் ஈடுபட்டனர். கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளாதார நிபுணர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்த கல்வியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அவ்வாறு மீண்டதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் விளைந்தது என்றும் கண்டனர். அப்பெண்களில் பலர் உபாத்தியாயப் பயிற்சி பெற்றவர்களல்லர். சிறு கூட்டமும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஒருவரும் இருந்தால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15-9-2022 அன்று, அண்ணாதுரை அவர்களின் பிறந்த தினத்தில் தொடங்கியது. 1909-ல் இதே காஞ்சீபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவரும் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கையில் குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்தி, நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்தவரே. திரும்பிப் படிக்க வழியிருந்தமையால் 1934-ல் பி. ஏ. ஆனர்ஸ் தேறினார். 1967-ல் இம்மாகாணத்தின் முதலமைச்சரானார்.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியது மற்றொன்றுண்டு. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டவரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்கிறது. ஆயினும் பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், அபாயமற்ற குடும்பத் தொழிலுக்குக் கைகொடுக்கலாம் என ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது. வகுப்பில் நன்றாகத் தேறும் பிள்ளை அவ்வாசலில் நுழைந்து வெளியேறலாம். பின்தங்கிய பிள்ளை நுழைந்தால் வெளியேறுவதில்லை. அவனுக்கு மாலை இரண்டு மணி நேரம்தான் அறுந்த இழையைப் பிணைக்கக் கிடைக்கும் காலம்; அதையும் நாடா வாங்கிக்கொண்டால் மீதி ஒன்றுமில்லை. மறுநாள் வகுப்பில் அவன் தூங்குவான். உபாத்தியாயர் சோம்பேறி என்பார்.

சங்கக் கட்டடம் பெரும்பாலும் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. விளக்கும் இரண்டு பாயும் இருந்தால் அது மாலை வகுப்பாகும். பொதுநன்மை நிதி வைத்துள்ள சங்கம், கற்பிக்கும் பெண்ணுக்குச் சிறு தொகை கொடுப்பதைப்பற்றி அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசிக்கலாம். கல்யாணச் செலவுக்குக் கடன் கேட்டு வரும் அங்கத்தினரிடம், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் எத்தனை, அவர்களில் தறிக்கு உட்காருவோர் எத்தனை என்று பஞ்சாயத்தார் விசாரிப்பதும் தகும். கடனை மறுப்பதற்காக அன்று, பிள்ளையின் நேரத்தை அடகுவைக்காத தவணையை வகுப்பதற்காக.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, இன்றிரவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. எழுத்தறிந்த அங்கத்தினர், நான்காம் வகுப்பு படிக்கும் தம் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புஸ்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லட்டும். பிறகு 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாதவர் அண்டை வீட்டாரைத் துணைக்கு அழைக்கலாம். பிள்ளை எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தைக் கோபமின்றிக் குறித்துக்கொண்டு, காலையில் உபாத்தியாயரிடம் சென்று, "பிள்ளை படிக்கவில்லை" என்று சொல்லாமல், "இவ்விடத்தில் நிற்கிறது" என்று காட்டட்டும்.