உருக்காத உருக்காலை: சேலத்து இரும்பின் கதை

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன மாசம் சேலம் போயிருந்தப்ப, எட்டாவது படிக்கிற சித்தப்பா பொண்ணு பரீட்சைக்குப் படிச்சிட்டு இருந்தா. "அண்ணா, சேலத்துல ஏன் ஸ்டீல் பிளான்ட் இருக்கு?"ன்னு கேட்டா. இது தெரியாதான்னு நானும் உடனே, "கஞ்சமலையில இரும்புத்தாது இருக்குல்ல, அதான்"னேன். அவளும் அதையே எழுதிக்கிட்டா. அந்தப் பதிலுக்கு ஃபுல் மார்க் கிடைக்கும்.

ஆனா அந்தப் பதில் தப்பு. சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்துல தான் இருக்கு. அமாவாசைக்கு சித்தர் கோயில் போறவங்க அந்த மலையையும் ஆலையையும் ஒரே பயணத்துல பார்க்கலாம். ஆனா அந்த மலைத் தாதுல இருந்து அந்த ஆலை ஸ்டீல் பண்ணதே இல்ல. அதைவிட ஆச்சரியம், 1981-ல திறந்த ஆலையில 2010 வரைக்கும் உருக்குற உலையே கிடையாது. 29 வருஷம் அது உருக்காத உருக்காலை.

அப்போ ஏன் அங்க இருக்கு? இன்னைக்கு எபிசோட் இதைப் பத்தித்தான். கனரகத் தொழில் ஒரு இடத்துக்கு ஏன் வருது, ஏன் போகுது, சில நேரம் காரணமே போன பிறகும் ஏன் அங்கேயே உட்கார்ந்திருக்கு?

முதல்ல ஒரு கணக்கு

1909-ல ஆல்ஃபிரட் வெபர்னு ஒரு ஜெர்மன் பொருளாதார அறிஞர், தொழிற்சாலைகள் எங்க அமையும்னு ஒரு புத்தகம் போட்டார். அதோட சாரம் ரொம்ப சிம்பிள். தயாரிக்கும்போது எடை குறையுற பொருளா இருந்தா, அது கிடைக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே ஆலை வைக்கணும். வேஸ்ட்டா போற எடைக்கு எதுக்கு வண்டி வாடகை கொடுக்கணும்?

இரும்புல ரெண்டு பொருள் எடை குறையும். ஒண்ணு தாது, இன்னொண்ணு எரிபொருள். நம்ம ஸ்கூல்ல தாதுவைப் பத்தி மட்டும் தான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா பல நூற்றாண்டா இடத்தை முடிவு பண்ணது பெரும்பாலும் எரிபொருள் தான். 1829-ல ஸ்காட்லாந்துல ஒரு ஆலையில ஒரு டன் வார்ப்பிரும்பு எடுக்க 8 டன்னுக்கு மேல நிலக்கரி எரிச்சிருக்காங்க. அப்போ ஆலையை நிலக்கரிச் சுரங்கத்து வாசல்ல தானே வைப்பீங்க?

அப்புறம் உலைக்குள்ள சூடான காத்தை ஊதுற டெக்னிக்கை ஜேம்ஸ் நீல்சன்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். நாலஞ்சு வருஷத்துல அந்த 8 டன் 3 டன்னுக்கும் கீழ வந்துச்சு. ஒரு இன்ஜினியரிங் மாற்றம் மேப்பையே மாத்தி வரைய ஆரம்பிச்சிடுச்சு. இதை மனசுல வச்சிக்கிட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

காடு இருந்த வரைக்கும்

சேலம், நாமக்கல் பக்கம் இரும்பு எடுக்குறது ரொம்பப் பழைய தொழில். சின்னச் சின்ன களிமண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி. மலையில இருந்து அரிச்சு வர்ற கருமணலை அலசி எடுத்தாலே போதும், இரும்பு அதிகமா உள்ள பகுதி தனியா வந்துடும். மலையைச் சுத்திக் காடு இருந்ததால கரிக்கும் பஞ்சமில்ல. இந்த வட்டாரத்து உருக்குக்கு வெளிநாடு வரைக்கும் பேர் இருந்துச்சு.

இதைப் பார்த்து ஆசைப்பட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. வேலையை விட்டுட்டு, 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில ஐரோப்பிய பாணி இரும்பு ஆலை ஆரம்பிச்சார். இன்னைக்கு பாஷையில சொன்னா ஸ்டார்ட்அப். தாது சேலத்துல, ஆலை சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி கடற்கரையில. ஏன்னா அவரோட மார்க்கெட் இங்கிலாந்து, கப்பல் ஏத்தணும்.

ஆனா பெரிய உலை பசியோட பிறக்குது. கிராமத்து உலைக்கு ஒரு கூடை கரி போதும், இதுக்குக் காடு வேணும். மரம் வெட்ட கம்பெனி அரசாங்கம் அனுமதி கொடுத்துச்சு. பக்கத்துக் காடு குறையக் குறைய கரி இன்னும் தூரத்துல இருந்து வரணும், செலவு ஏறும். அப்புறம் ஆலை தாதுவையும் காட்டையும் தேடி உள்நாட்டுக்கே வந்துச்சு. எடப்பாடி பக்கம் காவிரிக்கரையில இருக்கிற பூலாம்பட்டியில 1850கள்ல ஒரு உலை ஓடுச்சு. இப்போ அங்க படகு சவாரிக்குப் போறோமே, அதே பூலாம்பட்டி தான். அந்த உலை 1858-ல நின்னுச்சு. பரங்கிப்பேட்டையும் அடுத்த பத்து வருஷத்துல முடிஞ்சது.

தாது தீர்ந்து போகல. எரிபொருள் தான் தோத்துச்சு. அந்தப் பக்கம் இங்கிலாந்துல நிலக்கரியில எடுத்த மலிவான இரும்பு, இந்தப் பக்கம் தூரத்துல இருந்து வர்ற மரக்கரி. இந்தியாவோட பெரிய இரும்புத் தொழில் அடுத்து எழுந்தது ஜாம்ஷெட்பூர்ல. 1907-ல ஆரம்பிச்ச டாடா கம்பெனி 1912-ல முதல் ஸ்டீல் எடுத்துச்சு. அங்க நல்ல தாதுவும் ஜரியா நிலக்கரியும் கிட்டக் கிட்ட இருந்துச்சு. சேலத்துக்கு அந்த ஜோடி அமையல.

ஆறு கொண்டு வந்த தொழில்

1934-ல மேட்டூர் அணை கட்டி முடிச்சாங்க. பாசனத்துக்குன்னு தான் நமக்குத் தெரியும், ஆனா அது ஒரு பவர் சோர்ஸும் கூட. ரெண்டே வருஷத்துல மேட்டூர்ல கெமிக்கல் ஆலை வந்துச்சு. 1965-ல மால்கோ, அதாவது மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, உற்பத்தியை ஆரம்பிச்சுது.

அலுமினியம்னா பாதி கரண்ட்னே சொல்லலாம். ஒரு டன் அலுமினியம் எடுக்க கிட்டத்தட்ட 14,000 யூனிட் வேணும். மாசம் 100 யூனிட் ஓடுற வீட்டுக்கு அது பதினோரு வருஷ கரண்ட். பாக்சைட் ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலயும் இருந்துச்சு, கரண்ட் மேட்டூர்ல. வெபர் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனா அணைத் தண்ணி எல்லா வருஷமும் ஒரே மாதிரி வராது. ஊர் வளர வளர கரண்டுக்குப் போட்டியும் ஏறுச்சு. மால்கோ பின்னாடி சொந்தமா நிலக்கரி மின் நிலையம் வச்சுக்கிச்சு. ஆத்துக்காக வந்த ஆலை, ரயில்ல வர்ற நிலக்கரியை நம்ப ஆரம்பிச்சுது. 2008-ல அலுமினிய உற்பத்தி நின்னுச்சு. சிவப்புச் சேறு கொட்டின மேடு இன்னும் அங்க இருக்கு. தொழில் இடம் மாறும்போது கழிவு கூடப் போறதில்ல.

அரசியல் வரைஞ்ச மேப்

இப்போ நம்ம உருக்காலை. 1967 ஜூலையில அண்ணா ஆட்சியில எழுச்சி நாள்னு ஒரு நாள் கடைப்பிடிச்சாங்க. சேலத்துக்கு உருக்காலை வேணும், சேது சமுத்திரத் திட்டம் வேணும்னு கோரிக்கை. அதே காலத்துல ஆந்திராவுல விசாகப்பட்டினத்துக்கு ஸ்டீல் பிளான்ட் கேட்டுப் பெரிய போராட்டம், கர்நாடகாவுல ஹொஸ்பேட்டுக்குக் கேட்டாங்க. 1970 ஏப்ரல்ல இந்திரா காந்தி நாடாளுமன்றத்துல மூணு இடத்துக்கும் ஓகே சொன்னார். அதே வருஷம் செப்டம்பர் 16-ல சேலத்துல அடிக்கல்.

மூணு இடம், மூணு மாநிலம். இதுல வெபர் கணக்கு எங்க இருக்குன்னு தேடினா கொஞ்சம் தான் கிடைக்கும். இதை நான் குறையா சொல்லல. ஸ்டீல், சிமென்ட் மாதிரி பொருளுக்கு நாடு முழுக்க ஒரே விலை இருக்கணும்னு 1950கள்ல இருந்து சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை இருந்துச்சு. சுரங்கத்துப் பக்கத்துல இருக்கிறதோட லாபத்தை அது குறைச்சிடுச்சு. அதனால பீகாருக்குப் பெரிய இழப்பு, நம்மள மாதிரி தூரத்து மாநிலங்களுக்கு லாபம். 90கள்ல தான் அது முடிவுக்கு வந்துச்சு. மேப்ல தூரங்கிறது கிலோமீட்டர் மட்டும் இல்ல, அரசாங்கம் போடுற ரேட்டும் தான்.

அப்போ போட்ட திட்டம் என்னன்னா, கஞ்சமலைத் தாது, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, ரெண்டையும் சேர்த்து முழு இரும்பாலை. பேப்பர்ல அழகா இருக்கு. ஆனா கஞ்சமலைக் கல்லுல இரும்பு சுமார் 35 சதவீதம் தான், மீதியில பெரும்பகுதி குவார்ட்ஸ். ஒரு டன் இரும்புக்கு மூணு டன் கல் உடைக்கணும், அரைக்கணும், பிரிக்கணும். ஹொஸ்பேட், பெல்லாரி தாதுல 60 சதவீதத்துக்கு மேல. பழுப்பு நிலக்கரியிலயோ வழக்கமான உலைக்கு வேண்டிய கோக் வராது.

கடைசியில திட்டம் சுருங்குச்சு. 1981-ல திறந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு உருட்டுற ஆலை. 95-ல ஹாட் ரோலிங் வந்துச்சு. அதுக்கான ஸ்லாப் மேற்கு வங்காளத்து துர்காபூர்ல இருந்து வந்துச்சு. நம்ம வீட்டு சிங்க், சில்லறைக் காசு இதெல்லாம் சேலம் தகடா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தரத்துல ஒரு குறையும் கிடையாது. ஆனா ஜனங்க நிலம் கொடுத்தது வேற ஒரு ஆலைக்கு. சுமார் 4,000 ஏக்கர் கையகப்படுத்தினாங்க. அதுல பெரும்பகுதி ரொம்ப வருஷம் சும்மா கிடந்துச்சு. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை வரும்னு வயலைக் கொடுத்த குடும்பங்களுக்கு, வேலியும் புதரும் தான் தெரிஞ்சது. 2019-ல ஆலையை விக்க டெண்டர் வரைக்கும் போனாங்க. தொழிலாளிங்க எதிர்த்தாங்க. 2023-ல விற்பனையைக் கைவிட்டாங்க.

காரணம் போயிடுச்சு, ஆலை இருக்கு

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஒரு பழைய சிஸ்டம் எதுக்காக எழுதினாங்களோ அந்தத் தேவையே போயிருக்கும். ஆனா எடுக்க முடியாது, ஏன்னா பத்து விஷயம் அதை நம்பி நிக்கும். ஆலையும் அப்படித்தான். ரயில் லைன், சப்ஸ்டேஷன், குவார்ட்டர்ஸ், வேலை தெரிஞ்ச ஆளுங்க. முதல் காரணம் போனாலும், வந்த பிறகு உருவான காரணங்கள் ஆலையைப் பிடிச்சு வச்சிருக்கும்.

மேச்சேரி பக்கம் பொட்டனேரியில ஜேஎஸ்டபிள்யூ ஆலை இருக்கு. அங்க ஊதுலை நிஜமாவே ஓடுது. கஞ்சமலையில இருந்து ஒரு மணி நேரப் பயணம் கூட இல்ல. ஆனா தாது சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி கர்நாடகாவுல இருந்து, கோக்குக்கான நிலக்கரி கடல் தாண்டி. கஞ்சமலையைத் தோண்ட 2000கள்ல ஒரு முயற்சி நடந்துச்சு, அடிவார கிராமங்கள் எதிர்த்துச்சு, திட்டம் நின்னுச்சு. உலகமே இப்படி மாறி ரொம்ப நாளாச்சு. சொந்தத் தாதும் கோக்கிங் நிலக்கரியும் பேருக்குக் கூட இல்லாத தென்கொரியா, போஹாங் துறைமுகத்துல உலகத் தரமான ஆலை கட்டுச்சு. பெரிய கப்பல் வந்த பிறகு கடல் தான் மலிவான ரோடு.

நாமக்கல் இன்னொரு உதாரணம். அங்க சுரங்கமும் இல்ல, துறைமுகமும் இல்ல. ஆனா லாரி பாடி கட்டணும்னா இந்தியா முழுக்க இருந்து சேஸிஸ் அங்க வருது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இமயமலை அடிவாரம் வரைக்கும் போர் போடப் போகுது. காரணம் மண்ணுக்குள்ள இல்ல. வெல்டர், பெயின்டர், ஃபைனான்ஸ்காரர், டிரைவர் எல்லாரும் ஒரே தெருவுல கிடைக்கிறது தான் காரணம்.

அடுத்த மேப்

மரக்கரி, அணைத் தண்ணி, கப்பல்ல வர்ற நிலக்கரி. எரிபொருள் மாறும் ஒவ்வொரு முறையும் தொழில் இடம் மாறியிருக்கு. இப்போ மறுபடியும் மாறுது. நிலக்கரிக்குப் பதிலா ஹைட்ரஜன் வச்சு இரும்பு எடுக்குற வேலை ஸ்வீடன்ல நடக்குது. 2021-ல முதல் லோடு ஸ்டீல் வால்வோவுக்குப் போயாச்சு. அந்த முறைக்கு வேண்டியது மலிவான சுத்தமான கரண்டும், நல்லாச் சுத்திகரிச்ச தாதும். ஸ்வீடன் தாது மேக்னடைட். கஞ்சமலையும் மேக்னடைட் தான், இரும்பு சதவீதம் தான் ரொம்பக் கம்மி. ஆனா காந்தம் வச்சுப் பிரிக்கலாம். தமிழ்நாட்டுல காத்தாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல இருக்கு.

நாளைக்கே சேலத்துல பச்சை ஸ்டீல் வரும்னு நான் சொல்லல. ஆனா எரிபொருள் கணக்கு மாறினா, "லாபமில்ல"ன்னு மூடி வச்ச ஃபைல் எல்லாம் திரும்பத் திறக்கும். 1830-ல காட்டைக் கேட்டாங்க, 1970-ல வயலைக் கேட்டாங்க, அடுத்த தடவை மலையைக் கேட்பாங்க. அப்போ அடிவாரத்து ஜனங்க கிட்ட "இங்க தாது இருக்கு, அதனால ஆலை"ன்னு ஒத்தை வரியில சொல்லி முடிச்சிடக் கூடாது. தண்ணி எங்கிருந்து, கழிவு எங்க போகும், கணக்கு மாறிட்டா நிலம் யாருக்குத் திரும்பும்? இதையெல்லாம் கேட்க அவங்களுக்கு இருநூறு வருஷ அனுபவம் இருக்கு.

சித்தப்பா பொண்ணுக்கு போன்ல இதெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அண்ணா, இது ரெண்டு மார்க் கேள்வி"ன்னா. சரி, பரீட்சைக்கு கஞ்சமலைன்னே எழுது, மீதியை இங்க வந்து கேளுன்னேன்.

உங்க ஊர்ல இருக்கிற பழைய ஆலை எதுக்காக வந்துச்சுன்னு வீட்டுப் பெரியவங்க கிட்ட கேட்டுப் பாருங்க. சுவாரசியமான கதை கிடைச்சா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.