விட்டது அரசு, பெற்றது யார்?

(அத்திப்பட்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

அனல்மின் நிலையத்திலும் துறைமுகத்திலும் உழைத்துக் களைத்து, அந்தக் களைப்பையும் பொருட்படுத்தாது வந்து அமர்ந்திருக்கும் அருமைத் தோழர்களே!

அரசு வேறு, சமயம் வேறு என்று நாம் சொன்னால், "ஐயோ, பக்தி பட்டுப்போகும், ஆலயம் பாழாகும்!" என்று அலறுகிறார்கள். மறுநாளே, "கோயிலை விட்டு வெளியேறு!" என்று அரசைப் பார்த்து ஆர்ப்பரிக்கிறார்கள். இரண்டையும் பேசுவது பெரும்பாலும் ஒரே வாய்!

விடை தேடி நெடுந்தொலைவு போகவேண்டாம். இங்கே இரயிலேறினால் சென்னை. அங்கே கதீட்ரல் சாலையில் நிற்கிறது, 1815இல் கட்டிய புனித ஜார்ஜ் பேராலயம். அது வெறும் ஆலயமா? அரசாங்கத்தின் ஆலயம்! கும்பினியாரின் 1813ஆம் ஆண்டுச் சாசனம், ஆங்கிலத் திருச்சபைக்கு இந்தியாவில் பேராயர் பதவியை உண்டாக்கிற்று. 1835இல் சென்னைக்கும் ஒரு பேராயர் வந்தார். அனுப்பியது இலண்டன், முத்திரை மன்னருடையது, சம்பளமோ நம் நாட்டு வரிப்பணம்! எண்ணூர் வட்டாரத்து உப்பளங்களிலே வெயிலில் வெந்தவன் கொடுத்த உப்பு வரியும் அந்தக் கருவூலத்தில்தான் விழுந்தது. அவனுக்கு அந்த வழிபாடும் தெரியாது, மொழியும் தெரியாது.

இவ்வளவு செல்வாக்கிருந்தும் அந்தச் சபையில் இந்தியர் ஒருவர் பேராயராக, ஏறத்தாழ நூறாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிலே பிறந்த அசரியா, 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். 1919இல் அவரும் தோழர்களும் தரங்கம்பாடியில் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்றார்கள். மன்னர் முத்திரைக்குக் கட்டுப்பட்ட சபை, தன் விருப்பப்படி யாரோடு கைகோக்க முடியும்?

1927இல் சட்டம் வந்தது; 1930 மார்ச் 1ஆம் நாள் இந்தியத் திருச்சபை இங்கிலாந்துச் சபையிலிருந்து பிரிந்தது. அரசுச் சம்பளப் பாதிரிமார் சிலர் பிறகும் நீடித்தார்கள், அது கிடக்கட்டும். சபை செத்தா போயிற்று? 1947 செப்டம்பர் 27ஆம் நாள், அதே புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலத் திருச்சபையாரும் மெத்தடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை கண்டார்கள்! அதைக் காண அசரியா இல்லை, 1945இல் மறைந்துவிட்டார். பேராயரைத் தேர்வதில் சபை மன்றங்களுக்குக் குரல் வந்தது. சாதி போய்விட்டதா, சொத்து வழக்குகள் ஓய்ந்தனவா என்றால், இல்லை. மறைக்கவில்லை நான். ஆனால் பக்தி பட்டுப்போகவில்லை!

"அப்படியானால் கோயிலையும் விடுங்களேன்" என்பார்கள். நியாயமான கேள்வி, நழுவ வேண்டாம் நாம்.

விட்டுப் பார்த்த நாடு தோழர்களே, இது! 1817ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணக் கோயில் நிர்வாகத்தைக் கும்பினி தன் மேற்பார்வையில் வைத்திருந்தது. கிறித்தவன் கோயில் விழாவுக்குத் துணைபோவதா என்று மனம் கசந்து, சென்னைப் படைத் தலைவர் மெயிட்லண்டு 1838இல் பதவியையே துறந்தார். இறுதியில் 1863ஆம் ஆண்டின் 20ஆவது சட்டம், அரசைக் கோயிலிலிருந்து வெளியேற்றிற்று.

பெற்றுக்கொண்டவர் யார்? கும்பிடுகிற மக்களா? தர்மகர்த்தாக்கள்! குழுவினர்! கும்பிட வந்தவனில் பாதிப்பேர் கோபுர வாயிலுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரவே உரிமையில்லாதவன் கணக்குக் கேட்பதெப்படி? அந்த ஊழலைக் கண்டுதான் பனகல் அரசர் காலத்து நீதிக்கட்சி, 1925இல் அறநிலையச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததோ 1947இல்!

அரசு மந்திரம் ஓதட்டும் என்று நாம் கேட்கவில்லை. சமயக் காரியத்தில் தலையிடாதே, நிர்வாகத்தை ஒழுங்கு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சிரூர் மடத்து வழக்கிலே கோடு கிழித்தது. அந்தக் கோட்டை அரசு தாண்டினால், நம் அரசாயினும் தட்டிக் கேட்போம்.

அந்தச் சபை அரசை விட்டுப் பிரிந்தபோது, ஏற்றுக்கொள்ள மன்றங்கள் இருந்தன; உறுப்பினர் பட்டியல் இருந்தது. இங்கே அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகச் சட்டம் திருத்தியது 1970இல். அரசுப் பள்ளியில் பயின்ற 24 பேர் பணியாணை பெற்றதோ 2021 ஆகஸ்டு 14ஆம் நாள்! ஐம்பதாண்டு வழக்காடிக் கருவறை வாயிலில் தடுத்தவர்கள்தாம் இன்று "பக்தரிடம் ஒப்படை" என்கிறார்கள்.

ஒப்படைக்கலாம். எந்தப் பக்தரிடம்? பட்டியலைக் கொண்டுவாருங்கள். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கே எழுதுங்கள். அதில் அத்திப்பட்டுச் சாம்பல் சுமக்கும் தொழிலாளியின் பெயர் எத்தனையாவது வரியில் வருகிறதென்று காட்டுங்கள். பிறகு பேசுவோம்.