போர்க் கதையும் பதக்கமும்

(பர்கூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்குச் சங்கடமாய் இருக்கலாம். இக்கூட்டத்தில் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிற தோழர்கள் பலர் வந்திருப்பதைப் பார்க்கிறோம். ஆதலால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். பட்டாளத்துக்காரரை இழிவுபடுத்த நாம் வரவில்லை. வெய்யிலிலும் பனியிலும் 15 வருஷம், 20 வருஷம் வேலை பார்த்தவனுடைய உழைப்பை இழிவாய்ப் பேச யாருக்கும் யோக்கியதை கிடையாது. ஆனால் உழைப்பு வேறு, அதன்மேல் கட்டுகிற கதை வேறு என்பதைத்தான் பேச வந்திருக்கிறோம்.

பர்கூர் துணி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். இங்கே சேலை வாங்க வருகிறவர் கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி வாங்குவதில்லை. கையில் கசக்கிப் பார்க்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், சாயம் போகுமா என்று கேட்கிறார். கல் வெட்டுகிற தோழர்களும் கல்லைத் தட்டி, உள்ளே விரிசல் உண்டா என்று பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள். முந்நூறு ரூபாய்த் துணிக்கு இத்தனை சோதனை செய்கிற நாம், ஒரு மனிதனைத் தலைமேல் தூக்கி வைப்பதற்கும் இன்னொரு மனிதனைக் காலில் போட்டு மிதிப்பதற்கும் ஒரு சோதனையும் செய்வதில்லையே, இது நியாயமா என்பதுதான் நம் கேள்வி.

இப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த சங்கதியைச் சொல்லுகிறோம். ஊர்ப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். அங்கே பட்டாளத்திலிருந்து திரும்பியவர் இருவர். ஒருவர் மேல் தெருக்காரர், மற்றவர் காலனிக்காரர். மேல் தெருக்காரர் சட்டையில் ஒரு வரிசைப் பதக்கம் தொங்கும். 1999-ம் வருஷத்துக் கார்கில் சண்டையில் டைகர் ஹில் மலைமேல் ஏறித் தம் கையாலேயே ஒன்பது பேரைச் சுட்டதாக டீக்கடையில் சொல்லுவார். முதல் வருஷம் மூன்று பேராக இருந்தது. பிறகு ஐந்தாயிற்று. நாம் கேட்டபோது ஒன்பது. திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. பஞ்சாயத்தில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை இல்லை.

காலனிக்காரர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவரிடத்திலும் பதக்கங்கள் உண்டு. ஆனால் அவற்றை அணிந்துகொண்டு அவர் சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் போன நாளில், "டிரைவருக்கு என்னடா மெடல்? பழைய பேட்டையில் வாங்கிக் குத்திக்கொண்டாயா?" என்று நாலு பேர் முன்னிலையில் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குக் கழற்றிப் பெட்டியில் போட்டவர் பிறகு எடுக்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் பெண்ணை மற்றப் பிள்ளைகள் "கள்ள மெடல்காரன் மகள்" என்று கூப்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவரையும் கண்டு பேசினோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று பணிவாய்க் கேட்டோம். வெளியான உண்மை என்ன தெரியுமா? இருவருடைய பதக்கங்களும் நிஜமானவைதான்! மேல் தெருக்காரரிடம் இருந்தது 'ஆபரேஷன் விஜய் மெடல்'. அந்தச் சண்டைக் காலத்தில் மற்ற எல்லைப் பகுதிகளில் தயாராய் நிறுத்தப்பட்ட படையினருக்குக் கொடுத்தது அது. அவர் இருந்தது ராஜஸ்தான் மணற்காட்டில். காலனிக்காரரிடம் இருந்தது 'ஆபரேஷன் விஜய் ஸ்டார்'. அது திராஸ், கார்கில், படாலிக் முதலிய சண்டை நடந்த இடங்களிலேயே வேலை பார்த்தவர்களுக்கு உரியது. "என்ன செய்தீர்கள் தோழரே?" என்று கேட்டோம். "நான் ஒண்ணும் சண்டை போடலைங்க. குண்டும் ரொட்டியும் ஏத்திக்கிட்டு மேலே போவோம், அடிபட்டவங்களை ஏத்திக்கிட்டுக் கீழே வருவோம். ராத்திரியிலே வண்டி விளக்குப் போடக்கூடாது, அவ்வளவுதாங்க" என்றார். பக்கத்தில் குண்டு விழுகிற மலைப்பாதையில் விளக்கில்லாமல் லாரி ஓட்டியதை "அவ்வளவுதான்" என்று சொல்லுகிறவருக்குப் பேர் கள்ள மெடல்காரர். மணற்காட்டில் இருந்தவருக்குப் பேர் மாவீரர். இதை ஊர் எதைக்கொண்டு தீர்மானித்தது? பதக்கத்தைக்கொண்டா? இல்லை. தெருவைக்கொண்டு தீர்மானித்தது!

நிற்க, பதக்கம் என்பது என்ன என்பதையே நம்மில் அநேகர் அறிந்ததில்லை. நெஞ்சில் ஏழெட்டுத் தொங்கினால் ஏழெட்டு வீரச் செயல் என்று நினைத்துக்கொள்ளுகிறோம். அது தவறு. 9 வருஷம் சேவைக்கு ஒரு பதக்கம், 20 வருஷத்துக்கு ஒன்று, 30 வருஷத்துக்கு ஒன்று உண்டு. சுதந்திரத்தின் 25-ம் ஆண்டுக்கும், 50-ம் ஆண்டுக்கும், 75-ம் ஆண்டுக்கும் அந்தச் சமயம் சேவையில் இருந்தவர்களுக்கெல்லாம் பதக்கம் கொடுத்தார்கள். 1971-ம் வருஷத்துச் சண்டையையொட்டி 'சங்கிராம் மெடல்' என்று ஒன்று, அன்று படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாய்க் கொடுத்தது. இவையெல்லாம் கௌரவமானவையே. ஆனால் இவை உழைப்புக்கும் இருப்புக்கும் அடையாளமே தவிர, தனி வீரச்செயலுக்கு அடையாளம் அல்ல. வீரச்செயலுக்கு உரியவை பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம், வீர சக்கரம், அசோக சக்கரம், சேனா மெடல் முதலியவை. பரம வீர சக்கரம் 1950-ம் வருஷம் ஜனவரி 26-ல் ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதற்கொண்டு செல்லும் என்று வைக்கப்பட்டது. இத்தனை சண்டைகளுக்கும் சேர்த்து இதுவரை அதைப் பெற்றவர்கள் 21 பேர்தான். அவர்களில் 14 பேர் செத்த பிறகே பெற்றார்கள். அதில் ஒருவர் 1987-ல் இலங்கையில் மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். ஆகவே ஊருக்கு ஒரு மகாவீரர் என்று கதை கேட்கும்போது, இந்தக் கணக்கைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோழர்களே! பொய்க் கதை கட்டுகிறவனை மாத்திரம் குற்றம் சொல்லுவதில் பிரயோஜனமில்லை. அவனைக் கட்டவைக்கிறவர்கள் யார்? நாம்தான்! லீவில் வந்த சிப்பாயைப் பார்த்து, "சாப்பாடு எப்படி? குளிர் எப்படி? தூங்கினாயா?" என்று யாராவது கேட்கிறோமா? "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்றுதான் கேட்கிறோம். "ஒருவரையுமில்லை, பாலம் கட்டினேன்" என்று உண்மையைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறோம். பட்டாளம் என்பது துப்பாக்கி மாத்திரமல்ல. சோறாக்குகிறவன், பாதை போடுகிறவன், தந்திக் கம்பி இழுக்கிறவன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன் எல்லாரும் சேர்ந்ததுதான் பட்டாளம். அவர்கள் சேவையை நாம் மதிக்காததால், அவர்களில் சிலர் செய்யாததைச் செய்ததாகச் சொல்லவேண்டி வருகிறது. உண்மைக்கு மரியாதை இல்லாத ஊரில் பொய்க்கு விலை ஏறத்தானே செய்யும்?

நம் முன்னோர் சிலர் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியமாய் நடந்திருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரமெங்கும் நடுகற்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் வைத்திருக்கிறார்கள். ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு அந்தக் காலத்தார் கொடுத்த பதக்கம் அது. எந்த அரசனுடைய எத்தனையாம் ஆண்டு, யாருடைய சேவகன், எந்தச் சண்டையில் பட்டான் என்று சுருக்கமாய் வெட்டி வைத்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு கோவிவன் என்ற ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அதிலே எழுதியிருக்கிறார்கள். பாருங்கள்! நாய் செய்ததை எஜமானன் கணக்கில் எழுதாமல், நாய் செய்தது என்றே எழுதினார்கள். 1,400 வருஷத்துக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த நீதி, இன்றைக்கு ஒரு லாரி டிரைவருக்குக் கிடைக்கவில்லை!

பிற்பாடு நாம் என்ன செய்தோம்? அந்தக் கல்லில் பல இடங்களில் எண்ணெய் ஊற்றி, மஞ்சள் பூசி, வேடியப்பன் என்று பேர் வைத்துக் கிடா வெட்ட ஆரம்பித்தோம். எழுத்து எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்தது. மாடு மீட்கச் செத்த மனிதன் மறைந்தான், சாமி வந்தது. மனிதன் செய்ததைச் சொன்னபடி வைத்திருந்தால் சரித்திரம். மேலே மேலே பூசினால் புராணம். டீக்கடைக் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் வருஷக் கணக்கில் மாத்திரமே.

இது ஏதோ படிக்காத கிராமத்தார் செய்கிற தப்பிதம் என்று பட்டணத்துத் தோழர்கள் நினைக்கவேண்டாம். பெரிய இடத்திலும் இதே கதைதான். கார்கில் சண்டையில் படாலிக் பகுதியில் 70-வது பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவீந்தர் சிங் என்பவர், தம் மேலதிகாரி எழுதிய அறிக்கை தமது பங்கை மாற்றிக் குறைத்துக் காட்டுகிறது என்று வழக்காடினார். 2010-ல் இராணுவத் தீர்ப்பாயம் அவர் சொல்லுவது சரி என்று கண்டு, சண்டையின் பதிவைத் திருத்தும்படி உத்தரவிட்டது. சண்டை முடிந்து 11 வருஷம் கழித்து! 2003-ல் அசாமில் இதைவிடக் கேவலம் நடந்தது. உயிரோடிருந்த ஆட்களைப் படுக்கவைத்து, தக்காளிச் சாற்றை ரத்தம்போல் ஊற்றிப் படம் பிடித்து, தீவிரவாதிகளைக் கொன்றதாய்க் கணக்குக் காட்டிய சங்கதி வெளியாகி, இராணுவ நீதிமன்றம் வரை போயிற்று. பதக்க ஆசை மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டுமா?

அமெரிக்காவில் 1863-ல், உள்நாட்டுச் சண்டையின்போது, மெயின் மாகாணத்து 27-வது ரெஜிமெண்டில் தவணை முடிந்தும் வாஷிங்டனைக் காக்கச் சுமார் 300 பேர் தங்கினார்கள். அவர்களுக்கென்று சொன்ன மிகப் பெரிய பதக்கம், கணக்குத் தவறி ரெஜிமெண்டு முழுவதுக்குமாக 864 பேருக்குப் போயிற்று. 1917-ல் அந்நாட்டார் பழைய பட்டியலைச் சோதித்து, இந்த 864 உட்பட 911 பேரை நீக்கினார்கள். நம் நாட்டிலேயே டைகர் ஹில் சண்டைக்காக யோகேந்திர சிங் யாதவ் என்ற வீரருக்குப் பரம வீர சக்கரம் அறிவித்தபோது, அவர் இறந்துவிட்டதாகவே அறிவித்தார்கள். இறந்தவர் அதே பேருடைய மற்றொருவர் என்றும், இவர் ஆஸ்பத்திரியில் உயிரோடிருக்கிறார் என்றும் தெரிந்ததும் திருத்திக்கொண்டார்கள். தப்பு நேர்வது மனிதர்க்கு இயற்கை. திருத்துவதுதான் அறிவு. திருத்தினால் கௌரவம் போய்விடும் என்று நினைப்பது மூடத்தனம்.

எல்லாவற்றிலும் பெரிய கள்ள மெடல் ஒன்று இருக்கிறது. 'இன்ன சாதி வீரசாதி, இன்ன சாதி பயங்கொள்ளி' என்பதே அது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்து, பிறகு இந்தியப் படை முழுவதுக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டார் சண்டைக்கு லாயக்கற்றவர்கள் என்று அபிப்பிராயம் சொன்னார். சென்னைக் காலாட்படை படிப்படியாய்க் குறைக்கப்பட்டு, 1920-களில் கலைக்கவும் பட்டது. இரண்டாவது உலகச் சண்டை வந்து ஆள் தேவைப்பட்டதும், 1940-களின் தொடக்கத்தில் மறுபடி சேர்த்தார்கள். வீரம் ரத்தத்தில் இருந்தால், தேவைக்குத் தக்கபடி அது வற்றுவதும் ஊறுவதும் எப்படி? அந்தச் சண்டையில்தான், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மதராஸ் சாப்பர் படையில் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944-ல் இத்தாலியில், வெடிக்கப்போகிற கண்ணிவெடிமேல் தாமே விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். 'ஜார்ஜ் கிராஸ்' அவருக்குக் கிடைத்தது. விக்டோரியா கிராஸ் 1856-ல் ஏற்பட்டும், 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு அது கிடையாது என்று வைத்திருந்ததையும் யோசியுங்கள். வெள்ளைக்காரன் அன்று தோலைப் பார்த்தான். நாம் இன்று தெருவைப் பார்க்கிறோம். இதில் யார் மேல்?

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். சந்தேகம் வந்தால் சோதிக்க வழி இருக்கிறது. வீரப் பதக்கங்கள் அரசாங்க கெஜட்டில் வெளியாகின்றன. ஒவ்வொரு சிப்பாயிடமும் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பட்டாளத்தில் இல்லாதவன் சிப்பாய் என்று நம்பவைக்க அந்த உடையோ அடையாளமோ போட்டுக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 168-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஆனால் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஆளுக்கொரு கம்பு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பதக்கம் பொய் என்று சொல்லுகிறவனும் அத்தாட்சி காட்டவேண்டும். அத்தாட்சியில்லாமல் புகழ்வது எவ்வளவு மூடத்தனமோ, அத்தாட்சியில்லாமல் இகழ்வதும் அவ்வளவு அயோக்கியத்தனம். முன்னது ஒருவனைப் பொய்யனாக்குகிறது. பின்னது உண்மையானவனை ஊமையாக்குகிறது.

பட்டாளத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செய்தது போதும், அதற்குமேல் கதை வேண்டாம். ராஜஸ்தான் வெய்யிலில் நின்றதும் சேவைதான். ஒன்பது பேரைக் கொன்றதாய் நீங்கள் சொல்லும்போது, நிஜமாய் அந்த மலையில் ஏறிச் செத்தவனுடைய பங்கை எடுத்துக்கொள்ளுகிறீர்கள். அவன் வந்து கேட்கமாட்டான் என்ற தைரியத்தில்தானே?

மேற்படி ஊரில் பிறகு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறோம். மேல் தெருக்காரர் நம்மேல் கோபித்துக்கொண்டு, அன்றிலிருந்து பேசுவதில்லை. திருவிழாவில் இன்னமும் அவருக்கே முதல் மரியாதை. ஆனால் டீக்கடையில் ஒன்பது பேர் கதை நின்றுவிட்டது. காலனிக்காரரை அவ்வூர் இளைஞர் சிலர் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போய்ப் பிள்ளைகள் முன் பேசச் செய்தார்கள். அவர் விளக்கில்லாமல் லாரி ஓட்டிய கதையைத்தான் சொன்னார். பதக்கத்தை அணிந்துகொள்ளும்படி எவ்வளவோ கேட்டும் அவர் இசையவில்லை. அவர் பெண் தன் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் அதை மறுபடி நெஞ்சில் குத்திக்கொள்ளும் நாள் வரவேண்டுமானால், அது அவர் கையில் இல்லை, நம் கையில்தான் இருக்கிறது.