சொட்டு மருந்து நம் வீட்டுக் குழந்தைக்கும்தான்

நம் தேசத்தில் இயற்கையான போலியோ கிருமி கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், ஹவுரா மாவட்டத்துப் பெண் குழந்தை ஒன்றை. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

"பேரனுக்கு எங்கள் டாக்டரிடம் எல்லாத் தடுப்பூசியும் போட்டாயிற்று" என்று, வாசலுக்கு வரும் ஊழியரை நம்மில் சிலர் திருப்பி அனுப்புவதை நான் பார்க்கிறேன். ஊசி குழந்தையைக் காக்கும். ஆனால் குடலில் கிருமி பெருகி மற்றவருக்குப் பரவாமல் தடுப்பதில் சொட்டு மருந்தே சிறந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கிருமிக்குத் தங்க இடமிராது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஒழியவில்லை.

பகலில் வீட்டிலிருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு என் விண்ணப்பம்: கதவைத் திறங்கள். கூடுதலாக இரண்டு சொட்டு கெடுதல் செய்யாது.